அறுபத்தொன்றாவது பரங்கிக்காய்

ஞாயிற்றுக்கிழமை. காலை 8.40.

ஐயாத்துரை சாக்கின் வாயைக் கட்டியிருந்த செம்புக் கம்பியைப் பிரித்தார். உள்ளே கையை விட்டுக் காயை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்புறம் எழுபத்தொரு வயது மனிதர், நாற்காலி பக்கத்திலேயே இருக்க, ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது என்ர காய் இல்லை,” என்றார்.

காய் என்னவோ அழகாகத்தான் இருந்தது. உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. கரும்பச்சையும் இல்லை, வெளிறலும் இல்லை. சாக்கின் கழுத்தில் அவர் கையெழுத்துச் சீட்டு தொங்கியது: ‘பெரியக்கா × நெட்டையன்’. சீட்டு அவருடையது. கம்பி அவருடையது. உள்ளே இருந்தது மட்டும் யாருடையதோ.

ரெங்கம் என்ற சிற்றூருக்கு வெளியே, சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை, நடுவில் மூன்று ஏக்கர் விதைப்பண்ணை. விவசாய இலாகாவில் ஓய்வு பெற்ற ஐயாத்துரை பதினோரு வருஷமாக அங்கே பரங்கிக் கொடிகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் காயை அறுத்து விதை எடுப்பதாக ஏற்பாடு. கத்தியும் கிண்ணமுமாக நின்றவள் பேச்சியம்மாள். பண்ணையில் பூ கட்டுபவள், மாலைக்கு அல்ல, விதைக்கு. கேமராவோடு நின்றவன் லக்ஷ்மன். ஐயாத்துரையின் அக்கா மகன், சிங்கப்பூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் வந்து மாமாவின் பண்ணைக்குப் படமும் விளம்பரத்தாளும் செய்து கொடுப்பவன்.

லக்ஷ்மன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“ஸ்டோருக்குச் சாவி ரெண்டுதான். ஒண்ணு மாமா இடுப்புல. இன்னொண்ணு யாருகிட்ட?”

பேச்சியம்மாள் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி அங்கேதான் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவங்கதான் எடுத்திருக்காங்க மாமா. எனக்கு நிச்சயமாத் தெரியும்!” லக்ஷ்மன் கோபத்தில் மேசையைத் தட்டினான்.

ஐயாத்துரை தரையைப் பார்த்தபடியே சொன்னார். “பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பன், பேச்சி. காய் வராட்டி போலீசுக்குப் போவன். நீயும் வீட்டைக் காலி பண்ணவேண்டி வரும்.”

வீடு என்றால் பண்ணையின் வேலியோரம் இரண்டு அறை. ஒன்பது வருஷமாக அவள் இருக்கும் வீடு. அவள் வெளியே போய்ப் போனைக் கையில் எடுத்தாள்.

காலை 9.25.

வெள்ளையம்மா தன் பழைய கஞ்சில் காரிலிருந்து இறங்கினாள். பேச்சியம்மாளின் தம்பி பெண்டாட்டி. பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிரேடர் வேலை. அதாவது லோரி லோரியாக வரும் குலைகளில் எது பழம், எது காய், எது முந்தாநாள் வெட்டிவிட்டு இன்று வெட்டியதென்று கொண்டுவந்தது என்று பார்த்துச் சொல்வது. பதினெட்டு வருஷமாக அவள் யாரையும் நம்பியதில்லை. அதற்குத்தான் சம்பளம். லோரி வாசலில் திரும்பும் சத்தத்தை வைத்தே அடியில் எத்தனை பச்சைக் குலை ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று ஆலையில் பேச்சு உண்டு. ஒரே ஒரு தடவை கணக்கில் ஒன்று பிசகியது. விசாரித்ததில் ஒரு குலை வழியில் விழுந்துவிட்டிருந்தது.

முதலில் பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு நடுவே ஒரு பூனை போகலாம். பரங்கிக்காய் போகாது, பூனை உதவி செய்தாலும்.

பிறகு மேசைமேல் இருந்த காயின் காம்பைப் பார்த்தாள். ஆலைப் பழக்கம், அவள் மனிதர்களையும் முகத்தைப் பார்த்து எடை போடுவதில்லை.

“காம்பு ஒட்ட வெட்டியிருக்கே ஐயா. நீங்க இப்படியா வெட்டுனீங்க?”

“இல்லைப் பிள்ளை. விதைக்காய்க்கு நாலு விரல் காம்பு விட்டுத்தான் வெட்டுவன். அப்பதான் அழுகாது. வெட்டி இருபது நாள் ஸ்டோரில வச்சு உள்ளே விதையைத் தேற விடுறது.”

“எங்க மில்லுல நீளக் காம்பு குத்தம். எடைக்காகச் செய்யற திருட்டு,” என்று சொல்லி வைத்தாள். “அப்படி என்ன ஐயா அந்தக் காயில?”

ஐயாத்துரை நாற்காலிக்கு ஏறியிருந்தார். கேள்வி கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

“பெரியக்கா கொடிக்கு ரெண்டே காய். ஒவ்வொண்டும் ஆறு கிலோ, தட்டையா, கறுப்பா, ஆழமான வரியோட. நெட்டையன் கொடிக்கு எட்டுக் காய். நீளம், வெள்ளை, கிலோவுக்கு மேல போகாது. காய் கூடினா எடை குறையும், எடை கூடினா காய் குறையும். கொடியில ஓடுற சாறு ஒண்டுதானே? விளைச்சல் எண்டுறது ஒரு மரபணு இல்லைப் பிள்ளை, பத்திருபது சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் இழுக்கிற தேர். பதினோரு வருஷமா ரெண்டு பக்கமும் நல்லதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தம் பண்ணினன். ரெண்டையும் சேர்த்தா அஞ்சு காய், நாலு கிலோ வீதம் வரும் எண்டு என்ர கணக்கு.”

“இன்னொரு தடவை சேத்துக்கலாமே?”

“நெட்டையன் கொடி எல்லாம் வைரசில செத்துப் போட்டுது. விதையும் முடிஞ்சுது. இருபத்துமூண்டு பூ கட்டினம், மழையில இருபத்திரண்டு அழுகிப் போச்சு. மிச்சம் அந்த ஒரு காய். நெட்டையன் இனி அதுக்குள்ள மட்டும்தான் இருக்கிறான்.”

காலை 9.50.

பேச்சியம்மாள் தன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள்.

“அழாதீங்க அண்ணி. நேத்து ஸ்டோருக்குள்ள யார் யார் போனா?”

“நாலரை மணிக்குக் காய்கறி ஜெயபாலன் வந்தாரு. காலிச் சாக்கு இருபது கொண்டாந்து போட்டாரு. கிழிஞ்ச சாக்கெல்லாம் சுருட்டி எடுத்துட்டுப் போனாரு. அஞ்சேகாலுக்கு லக்ஷ்மன் தம்பி, போட்டோ பிடிக்க. லைட்டு, முக்காலி, ஒரு சாக்கு வைக்கோல். காய்க்கு அடியில பரப்பினா அழகா இருக்குமாம்.”

“நீங்க கூடவே நின்னீங்களா?”

“ஜெயபாலன் கூட நின்னேன். தம்பி லைட்டு மாட்டறப்ப மணி அஞ்சரை ஆயிடுச்சு. நாளைக்கு விரியப்போற பொட்டைப் பூவெல்லாம் சாயந்திரமே நூல் போட்டு வாயைக் கட்டணும் வெள்ளையம்மா. இல்லாட்டி விடியறதுக்குள்ள தேனீ வந்து எந்தக் கொடிப் பொடியையாவது பூசிட்டுப் போயிடும். காலையில நான் அவுத்து, நாம சொல்ற கொடியோட ஆம்பளைப் பூவைக் கொண்டாந்து தேச்சு, மறுபடி கட்டுவேன். மாப்பிள்ளை அழைப்பும் நான்தான், தாலி கட்டுறதும் நான்தான்.” அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு பத்து நிமிசம் கொடிக்குப் போயிட்டு வந்து கதவைப் பூட்டினேன். சாக்கு அதே இடத்துல, அதே சீட்டோட இருந்துச்சு.”

“சாக்கைத் திறந்து பாத்தீங்களா?”

“எதுக்குத் திறக்கணும்? நானே உள்ள வச்சு, ஐயா கம்பி முறுக்கினது. இருபது நாளா யாரும் திறக்கலை.”

காலை 10.15.

வாசலருகே ஜெயபாலனின் லோரி எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. குளுவாங் பாசாரில், அதாவது சந்தையில், கடை வைத்திருப்பவர். பண்ணையில் தேனீக்கள் தாமாகக் கட்டிவைத்த காய்களை விதைக்கு வைத்துக்கொள்ள முடியாது. யார் அப்பன் என்று தெரியாது. அவற்றை அவர் கறிக்கு எடுத்துக்கொள்வார். தார்ப்பாயின் கீழே கறுத்த பெரியக்காக்கள் அடுக்கியிருந்தன.

“ஸ்டோர்ல என்ன எடுத்தீங்கண்ணே?”

“அலமாக்! கிரேடரம்மா வந்துட்டாங்கலா. கிழிஞ்ச சாக்குதான் எடுத்தேன். வேணும்னா எண்ணிக்குங்க.”

“சாக்குல இருந்த அந்தக் காயைப் பாத்தீங்களா? எந்த ஊரு?”

“பாத்தேன். பாசார்ல நெறையக் கிடைக்கும். எங்கிட்டயே இருக்கு.” சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்தது. “நான் கொண்டாரலை! எனக்கு எதுக்கு? சீட்டுக் கட்டின காயோ, தேனீ கட்டின காயோ, பெரியக்கா கொடியில காய்க்கிறது எல்லாத்துக்கும் ஒரே கறுத்த மூஞ்சி. என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உங்க அண்ணி சீட்டுக் கட்டித்தான் எனக்கே தெரியும்.”

“இதெல்லாம் எப்ப வெட்டினது?”

“வெள்ளிக்கிழமை. நேத்து சாயந்திரம் இந்த வாசல் ஓரத்துல குவிச்சு உங்க அண்ணியும் நானும் எண்ணினோம். அறுபது. காலையில ஏத்தறப்ப அறுபத்தொண்ணு. ராத்திரி ஏதோ ஒண்ணு குட்டி போட்டிருக்கு.” ஜெயபாலன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு லோரியை நகர்த்தினார். “நான் கெளம்பறேன்மா, பாசார்ல கூட்டம் போயிடும்.”

வெள்ளையம்மா அவர் போவதைப் பார்த்தாள். அவரை நம்பவில்லை. பாசாரில் கிடைக்கும் காய், பாசார்க்காரர், கையில் சாக்குகள். ஆனால் எண்ணிக்கையில் ஒன்று கூடியதை எந்தத் திருடனும் தானாக வந்து சொல்வதில்லை. குறைந்தால்தான் அவளுக்குப் பழக்கம். கூடினால் என்ன செய்வதென்று ஆலையில் யாரும் சொல்லித்தரவில்லை.

காலை 10.40.

அலுவலக அறையில் லக்ஷ்மன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“உங்க நாத்தனார்தான். சொல்லிட்டேன். என்னைக்கோ மாத்திட்டாங்க.”

“என்னைக்கோன்னா? நேத்தா தம்பி, போன வாரமா?”

அவன் ஒரு கணம் நின்றான். “எனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து நீங்க தனியா இருந்தீங்களே. சாக்கைத் திறந்தீங்களா?”

“இல்ல. கம்பி போட்டு முறுக்கி இருந்துச்சு. வெளியில இருந்துதான் படம் எடுத்தேன்.”

“வைக்கோல் சாக்கு?”

“காடியில இருக்கு. போய்ப் பாருங்க, பூட்டலை.”

காருக்குப் போய்ப் பார்த்தாள். சாக்கில் கொஞ்சம் வைக்கோல் இருந்தது, வேறொன்றும் இல்லை. காரின் இருக்கைக்கு அடியில்கூட ஒரு விதை இல்லை. திரும்பி வந்து அவன் நடையையும் குரலையும் கவனித்தாள். அந்தக் கோபம் நடிப்பில்லை. லோரிக்காரர்கள் தினம் முப்பது பேர் அவள் முன்னால் கோபப்பட்டு நடிக்கிறார்கள். அசல் எது, போலி எது என்று அவளுக்குத் தெரியும். இவன் நிஜமாகவே பேச்சியம்மாளைத் திருடி என்று நம்பினான். அதுதான் அவளுக்கு உதைத்தது. நல்லவனுக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. கெட்டவனுக்கு இது நிஜமாக வராது.

சுவரில் லக்ஷ்மன் செய்த பெரிய விளம்பரத்தாள் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் கறுத்த பெரியக்கா. வலப்பக்கம் வெளிறிய நெட்டையன். நடுவில் இருவர் சாயலும் கலந்த ஒரு காய். ‘புதிய கலப்பு’ என்று கீழே எழுத்து.

“இந்த நடுக் காய் எங்க இருக்குது தம்பி?”

“கம்ப்யூட்டர்ல ரெண்டையும் கலந்து நான் செஞ்சது. வரப்போற காய்.”

காலை 11.05.

வெள்ளையம்மா ஸ்டோர் வாசற்படியில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்தாள். பாதி கிளாசில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். மேசைமேல் இருந்த காயைப் பார்த்தாள். அலுவலக அறைக்குப் போய்ச் சுவரில் இருந்த காயைப் பார்த்தாள். திரும்ப வந்து இதைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

“ஜெயபாலண்ணே, எங்க இருக்கீங்க?”

“ரெங்கம் கடைத்தெருவுல. ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“காய் எதையாவது இறக்கினீங்களா?”

“சாப்பாட்டுக் கடைக்காரர் மூணு கேக்குறாரு, கூட்டு வைக்க. பொறுக்கிட்டு இருக்காரு...”

“அவர் கையைப் பிடிங்க!” என்றாள். “ஒரு காயைக்கூட விடாதீங்க. அறுபத்தொண்ணும் இங்க திரும்பி வரணும்.”

காலை 11.45.

ஜெயபாலன் கடைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட முகத்தோடு வந்து சேர்ந்தார். வெள்ளையம்மா காய்களை முற்றத்தில் வரிசையாக இறக்கச் சொன்னாள். ஐயாத்துரை கைத்தடியோடு வந்தார். பேச்சியம்மாள் தன் பெட்டியோடு வந்து நின்றாள். லக்ஷ்மன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.

“திருடன் கெட்டிக்காரன் ஐயா,” என்று ஆரம்பித்தாள். “ஒரே மாதிரிச் சாக்குல போலியைக் கொண்டாந்தான். உங்க சாக்குல இருந்த சீட்டையும் கம்பியையும் அவுத்து இதுல முறுக்கினான். உங்க சாக்கு வாயை உள்ள பாக்காமச் சுருட்டி எடுத்துட்டுப் போனான். பத்து நிமிசம் தாராளம். ஆனா ஒரு வேலை அதிகமாச் செஞ்சிட்டான்.”

“என்னது?”

“பாசார் பூராத் தேடி ரெண்டுங்கெட்டான் காய் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கான். எதுக்கு? இங்க வாசல்லயே அறுபது பெரியக்கா கிடந்துச்சு. ஒண்ணைப் போட்டிருந்தா நீங்க இன்னிக்கு அதையே அறுத்து, விதையைக் காயவச்சு, நட்டு, மூணு மாசம் கழிச்சுத்தான் ஏமாந்தது தெரியும். அண்ணியா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பாங்க. ஜெயபாலண்ணனுக்குக்கூட அது தெரியும். காலையில அவரே சொன்னாரு, சீட்டுக் கட்டினாலும் ஒரே மூஞ்சின்னு. கலப்புக் காய் அப்பன் ஆத்தா ரெண்டு பேர் சாயல்லயும் இருக்கும்னு நம்பினது இங்க ஒரே ஆளுதான்.”

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “அதெப்படி இருக்கும்? காய்ங்கிறது வயிறு, வெள்ளையம்மா. வயிறு ஆத்தாளோடது. புள்ளைங்க உள்ள இருக்கிற விதை. அப்பன் மூஞ்சி வயித்து மேலயா தெரியும்?”

எல்லோரும் லக்ஷ்மனைப் பார்த்தார்கள்.

“படத்துல அப்படித்தானே...” என்றான் அவன்.

“அந்தப் படம் அடுத்த போகத்துக் காயடா,” என்றார் ஐயாத்துரை மெதுவாக. “இந்த விதையைப் போட்டு, அது கொடியாகி, அதில வாறது. பிறக்காத காய்.”

“எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மாமா. என் காடியில காயே இல்லையே!”

“இல்லைதான்,” என்றாள் வெள்ளையம்மா. குனிந்து வரிசையின் நடுவே நடந்தாள். வெள்ளிக்கிழமை வெட்டிய காம்புகள் இன்னும் பச்சையாக, ஒட்ட நறுக்கியபடி இருந்தன. நாற்பத்துமூன்றாவது காயில் நின்றாள். காம்பு நாலு விரல் நீளம். மரக்கட்டை மாதிரி காய்ந்திருந்தது. அதைத் தூக்கி லக்ஷ்மன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இதுதான் ஐயாவோட காய்.”

“இதா? இது சும்மா பெரியக்கா! நான் அப்பவே பாத்து...”

பாதியில் வாயை மூடினான். ஜெயபாலன் எஞ்சினை அணைத்தார்.

“ஆமா, பாத்தீங்க,” என்றாள் வெள்ளையம்மா. “காருக்குப் போயி, வைக்கோல் சாக்குன்னு சொல்லிக் கொண்டுபோன சாக்கைத் திறந்தீங்க. உள்ள வெறும் கறுத்த காய். யாரோ நமக்கு முன்னாடியே அசலைச் சுட்டுட்டு இதை வச்சிட்டாங்கன்னு நெனச்சீங்க. சாவி அண்ணிகிட்ட. அதனாலதான் உங்க கோவம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. என்னை ஒரு மணி நேரம் அலைய விட்டது அதுதான். கையில வச்சிருந்தா மாமா கேப்பாருன்னு போற வழியில வாசல் குவியல்ல உருட்டி விட்டுட்டீங்க. அறுபது, அறுபத்தொண்ணு ஆச்சு.”

சிங்கப்பூரில் ஒரு விதைக் கம்பெனி, அந்தக் காயைக் கொண்டுவந்தால் அவனுக்கு மேனேஜர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்ததாம். அதை லக்ஷ்மன் முற்றத்து மண்ணைப் பார்த்துச் சொன்னான். ஐயாத்துரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் எண்டு சொன்னன்,” என்றார். “சொன்னது சொன்னதுதான். காரை எடு தம்பி. ஸ்டேஷனுக்கு நீயே ஓட்டு.”

புறப்படுமுன் காயை வைக்க எல்லோரும் ஸ்டோருக்குள் வந்தபோது, பேச்சியம்மாள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

“எடுத்துக்கொள் பேச்சி,” என்றார் ஐயாத்துரை.

“காலையில தம்பி முன்னாடி என்னைச் சொன்னீங்க. ஜெயபாலன் காதுக்கும் போயிடுச்சு. அவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கறப்பவே சொல்லுங்க ஐயா. அப்புறம் எடுத்துக்கறேன்.”

கிழவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக நின்றார்.

“பேச்சியம்மாள் எடுக்கேல்லை. நான் பிழையாச் சொன்னன்.”

தன் இடுப்புச் சாவியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பேச்சியம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். காயையும் அவளேதான் அறுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு விதை. ஒன்றுகூடச் சப்பட்டை இல்லை.

மாலை ஐந்தரைக்கு அவள் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே வைத்திருந்த நூல்கண்டைத் தேடி எடுத்துக்கொண்டு கொடிகளுக்குப் போனாள். மறுநாள் விரியவேண்டிய பூக்களுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது.

மேசைமேல் இருந்த போலிக் காயை யாரும் சீந்தவில்லை. வெள்ளையம்மா அதைக் கஞ்சிலின் முன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாம்பார் வைத்தாள். ஒரே தண்ணீர். படத்தில்தான் நன்றாக இருந்தது என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.